பதினேழாம் பக்கம்

உங்கள் சிவில் துறைத்தலைவர் அந்த அறிக்கையைப் படிக்கவில்லை. படிக்காமலே, அதை எழுதிய மாணவனை அறுபது பேர் இருந்த வகுப்பில் எழுப்பி நிறுத்தித் திருடன் என்றார்.

இதை மென்மையாகச் சொல்ல வழி இருக்கலாம். எனக்குத் தெரியாது. டெல்லியில் ஒரே பொறியியல் கல்லூரியில் முப்பத்தொரு வருடம் இயந்திரவியல் ஆய்வகத்தில் நின்றவள் நான். இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசியே பழகிவிட்டேன். இப்போது ஓய்வு பெற்று மயூர் விஹாரில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஆண்டு எழுத்து அறையின் பொறுப்பை ஏற்றிருக்கும் இளம் ஆசிரியர்களான நீங்கள் வீட்டுக்கு வந்து, "எப்படி நடத்தணும்னு எழுதிக் குடுங்க மேடம்" என்று கேட்டீர்கள். நேர அட்டவணையும் படிவங்களும் அலுவலகத்தில் இருக்கின்றன. அவற்றை நான் எழுத வேண்டியதில்லை. அந்த அறை எப்படிச் சாகப் பார்த்தது, எப்படிப் பிழைத்தது என்பது எந்தப் படிவத்திலும் இல்லை. அதை எழுதுகிறேன்.

அறையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் முதலில் கெட்டுப்போவது அதுதான். ஆய்வக அறிக்கையோ புராஜெக்ட் அறிக்கையோ எழுதத் திணறும் மாணவன் வருவான். வேறு துறை மாணவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து அதைப் படிப்பார். சிவில் மாணவனுக்கு எலக்ட்ரானிக்ஸ் மாணவி. அவளுக்குச் சிவில் தெரியாது, அதுதான் அவளுடைய தகுதி. புரியாத இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பாள். பேனாவைத் தொடக் கூடாது. அவனுடைய மடிக்கணினிப் பக்கம் கை போகக் கூடாது. கேட்ட கேள்விகளை மட்டும் பதிவேட்டில் எழுதி வைப்பாள். ஆசிரியர் யாரும் உள்ளே வரக் கூடாது, பதிவேட்டைத் திறக்கக் கூடாது. நானும்தான்.

பேனாவைத் தொடக் கூடாது என்பது என் புத்திசாலித்தனத்தில் வந்த விதி இல்லை. என் முட்டாள்தனத்தில் வந்தது. அறை தொடங்கிய முதல் வருடம், எல்லாவற்றையும் நானே திருத்தினேன். உலோகக் கம்பிகளை இழுத்து முறித்துப் பார்க்கும் சோதனை ஒன்றை ஒரு பையன் எழுதிக்கொண்டு வந்தான். ஆங்கிலம் கரடுமுரடு. நடுவில் ஒரு வாக்கியம், "கவ்வியை நான் ரொம்ப இறுக்கிவிட்டேன், அதனாலும் உடைந்திருக்கலாம்" என்று அசடு வழிந்துகொண்டு நின்றது. அறிக்கையில் இப்படியெல்லாமா எழுதுவது என்று அதை வெட்டினேன். மீதியை மெருகேற்றினேன். படிக்க அழகாக இருந்தது. அடுத்த வருடம் வந்த குழு, கம்பி எந்த எடையில் உடைந்தது என்று அதில் இருந்த எண்ணை நம்பி, அதன் மேல் தங்கள் சோதனையை அமைத்து, ஒரு செமஸ்டர் முழுக்கத் தப்பான விடையைத் துரத்தியது. அந்த அறிக்கையில் உண்மையாக இருந்த ஒரே வாக்கியத்தை நான் வெட்டியிருந்தேன். அன்றைக்குப் பேனாவைக் கீழே வைத்தேன். மாணவர்களையும் வைக்கச் சொன்னேன்.

இனி ஏழுமலை.

சிவில் துறை, கடைசி வருடம். அப்பா சென்ட்ரிங் வேலை, அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடிசைப் பகுதியில் தங்கிய குடும்பம். தமிழ்ப் பள்ளியில் படித்தவன். வகுப்பில் அவனுக்குப் பெயர் 'செவன் ஹில்ஸ்'. பாலங்கள் கட்டும் நிறுவனம் ஒன்றில் வளாகத் தேர்விலேயே வேலை கிடைத்திருந்தது. ஜூலையில் சேர வேண்டும். பட்டம் கையில் இருந்தால்தான் சேர முடியும்.

அவனுடைய புராஜெக்ட், கல்லூரி விடுதியின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. தொட்டியைத் தாங்கும் விட்டத்தில் ஒரு விரிசல் இருந்தது. தினமும் இரண்டு வேளை ஏறி, தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது, விரிசல் எவ்வளவு அகலம் என்று இரண்டையும் சேர்த்து அளந்தான். வேலை அருமை. எழுதியது குப்பை. ஐம்பத்தெட்டு பக்கம்.

அவனுக்கு எதிரில் உட்கார்ந்தவள் ஷாஹிதா. எலக்ட்ரானிக்ஸ், மூன்றாம் வருடம். லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த பெண். அவள் தமிழில் பாதி இந்தி. ஏழுமலையை 'பையா' என்பாள், இந்தியில் அண்ணன். கதவு சாத்தியிருந்தாலும் அவள் குரல் வராண்டா முழுக்கக் கேட்கும். அதனால் விதியை மீறாமலே நான் கேட்டேன்.

"பையா, முதல் ஆறு பக்கம் சிமெண்ட் எங்கேர்ந்து வந்துச்சுன்னு சரித்திரம் எழுதியிருக்கீங்க. எதுக்கு?"

"எல்லாரும் போடுவாங்க."

"யாரு படிப்பா?"

"யாரும் படிக்க மாட்டாங்க. பக்கம் வரணும்ல."

"அச்சா. நான் ஒண்ணு கேக்கறேன். நான் எலக்ட்ரானிக்ஸ், எனக்கு இது ஒண்ணும் புரியாது. அந்தத் தொட்டிக்குக் கீழதான் ஹாஸ்டல் பசங்க கிரிக்கெட் ஆடறாங்க. அவங்க அங்க நிக்கலாமா, கூடாதா?"

பக்கங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஏழுமலை சொன்னான். "தண்ணி எவ்ளோ இருக்குன்றதப் பொறுத்து."

"இது எந்தப் பக்கத்துல இருக்கு?"

"நாப்பத்தி மூணு."

"பேட்டிங் பண்றவன் நாப்பத்தி மூணு பக்கம் படிச்சுட்டா கிரீஸுக்கு வருவான்?"

ஆறு வாரம் இப்படியே போனது. அவள் கேட்பாள், அவன் முணுமுணுத்துக்கொண்டு போய் மறுபடி எழுதி வருவான். ஐம்பத்தெட்டு பக்கம் பத்தொன்பது ஆனது. முதல் பத்தியே இப்படித்தான் இருந்தது: தொட்டி பாதிக்கு மேல் நிரம்பினால் விரிசல் திறக்கிறது, பாதிக்குக் கீழே இறங்கினால் மூடிக்கொள்கிறது, விட்டத்தைப் பலப்படுத்தும்வரை பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, கீழே யாரும் நிற்கக் கூடாது. சுற்றறிக்கைகளிலும் அறிக்கைகளிலும் என் ஆயுளில் பாதியைத் தொலைத்தவள் நான். அதைவிடத் தெளிவான நாலு வாக்கியத்தை அந்தக் கட்டிடத்தில் படித்ததில்லை.

துறைத்தலைவர் அந்த மெல்லிய அறிக்கையை வகுப்பில் இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். நூறு பக்கம், கறுப்பு அட்டை, தங்க எழுத்து. அவருக்கு அறிக்கை என்றால் அதுதான்.

"இது என்ன, கல்யாணப் பத்திரிகையா?" என்றார். வகுப்பு சிரித்தது. "ஏழுமலை, எழுந்திரு. உன் இங்கிலீஷ் எனக்குத் தெரியும். இது நீ எழுதினது இல்ல. ஒண்ணு ஏ.ஐ. மெஷின் எழுதியிருக்கணும், இல்ல அந்த ரூம்ல உக்காந்திருக்கற பொண்ணு எழுதியிருக்கணும். ரெண்டுக்கும் ஒரே பேருதான். திருட்டு. நீ திருடன்."

பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "செவன் ஹில்ஸ், உனக்கு மொட்டை போட்டாச்சு" என்றான். அதற்கும் சிரிப்பு.

அன்று மாலையே கடிதம் வந்தது. மூன்று பேர் குழு, நாளை மறுநாள் காலை விசாரணை. குற்றம் உறுதியானால் புராஜெக்ட் செல்லாது, ஒரு வருடம் போகும். வேலையும் போகும். கடைசி வரியில் எனக்கு ஓர் உத்தரவு இருந்தது. எழுத்து அறையின் பதிவேட்டை ஒப்படைக்க வேண்டும்.

ஏழுமலையிடம் பழைய பிரதிகள் இருந்தால் பிரச்சினையே இல்லை. கேட்டேன். "எல்லாம் கையால எழுதினது மேடம். எங்கம்மா பழைய பேப்பர் வாங்கற கபாடிக்காரனுக்குப் போட்டுட்டாங்க" என்றான். கணினியில் கடைசிப் பிரதியை மட்டும்தான் அடித்திருந்தான். ஆக, அவன் எப்படி எழுதினான் என்பதற்குச் சாட்சி, ஷாஹிதாவின் கேள்விகள் இருந்த அந்தப் பதிவேடு ஒன்றுதான்.

அதைத் தர மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

இந்த இடத்தில் உங்களில் சிலர் என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள். அந்தப் பதிவேட்டில் ஏழுமலை மட்டும் இல்லை. துறையில் முதல் இடம் வாங்கும் பெண் இருந்தாள், இந்தி மீடியத்திலிருந்து வந்த பையன்கள் இருந்தார்கள், ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசி நாலு வரி கோர்வையாக எழுத முடியாத பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். யாருக்கும் தெரியாமல் தப்பாக எழுத ஓர் இடம் என்று நம்பி வந்தவர்கள். ஒரு முறை அது ஆசிரியர் மேஜைக்குப் போனால் மறுநாள் அந்த அறைக்கு ஈ கூட வராது.

ஷாஹிதா கேன்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். தேநீரைத் தொடவில்லை.

"மேடம், அவரோட ஒரு வருஷம் போகுது. நீங்க நோட்டுக்குக் காவல் காக்கறீங்க."

"குடுத்தா இன்னும் நாற்பது பேரைக் காட்டிக் குடுத்ததா ஆகும்."

"குடுக்கலேன்னா ஒருத்தரைக் காட்டிக் குடுத்ததா ஆகும். அது பரவாயில்லையா?"

எனக்குள் கோபம்தான் இருந்தது. "நான் உள்ளே போய் அந்த ஆளைக் கிழிக்கறேன் பாரு. முப்பத்தொரு வருஷமா வாயில வெச்சிருக்கறதை எல்லாம் கொட்டறேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "நீங்க பேசினா அது சண்டை, மேடம். பையா கேட்டா அது கேள்வி."

"என்ன கேள்வி?"

"ஆறு வாரமா நான் அவரைக் கேட்டேன்ல? இப்ப அவரு என்னையே கேக்கறாரு. நேத்து என் சர்க்யூட் ரிப்போர்ட்டை வாங்கிப் பாத்துட்டு, 'இதைத் தொட்டா ஷாக் அடிக்குமா அடிக்காதா, அதை முதல்ல சொல்லு'ன்றாரு. எனக்கே பதில் தெரியல. காப்பியடிச்சவனுக்கு இப்படிக் கேக்க வராது. அவங்க முன்னாடி யாரோட தாளையாவது எடுத்துக் கேக்கட்டும். அவரு எழுதினதா இல்லையான்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுரும்."

பக்கத்து மேஜையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த ஏழுமலை, "சார் கிட்ட நான் கேள்வி கேக்கறதா? என்னால ஆவாது" என்றான்.

"ஹாஸ்டல் பசங்க அங்க இன்னும் ஆடிட்டுதான் இருக்காங்க, பையா" என்றாள் ஷாஹிதா. அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஆகாது என்று சொல்லவில்லை.

விசாரணை அறையில் மூன்று பேர். நடுவில் குழுத் தலைவர், அவர் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். வாழ்நாளெல்லாம் கட்டுமானத் தளங்களில் வெயிலில் நின்றவர் என்று கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு பக்கம் வேறு துறைப் பேராசிரியர் ஒருவர். மறுபக்கம் துறைத்தலைவர். குற்றம் சாட்டியவரே நீதிபதி, அதைக் கேட்க அந்தக் கல்லூரியில் ஆள் கிடையாது. பேச்சு இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடந்தது, நான் தமிழில் தருகிறேன்.

"பதிவேடு எங்க மேடம்?" என்றார் துறைத்தலைவர்.

"தர மாட்டேன் சார்."

"பாத்தீங்களா?" என்று தலைவரிடம் திரும்பினார். "மறைக்கறதுக்கு ஏதோ இருக்கு."

"இருக்கு. நாற்பது பிள்ளைங்களோட மானம் இருக்கு" என்றேன். அதற்கு மேல் பேசவில்லை. என் ஆயுளில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை அந்த மூன்று நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றது. பிறகு ஷாஹிதாவின் யோசனையை மட்டும் சொன்னேன். தலைவர் ஏழுமலையைப் பார்த்தார். "செய்யேன். தாள் இருக்கா?"

ஏழுமலை தன் கோப்பிலிருந்து ஒற்றைத் தாளை எடுத்தான். எந்தத் தாளை எடுப்பான் என்று அவன் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த தாள்தான். விடுதித் தொட்டியைக் கல்லூரி கடைசியாகச் சோதித்தபோது எழுதிய குறிப்பு. மொத்தம் இரண்டு வரி. தொட்டியும் விட்டமும் பார்வையிடப்பட்டன, நிலை திருப்திகரம். கீழே துறைத்தலைவரின் கையெழுத்து.

குரல் நடுங்கத்தான் கேட்டான். "பாக்கும்போது தொட்டியில எவ்ளோ தண்ணி இருந்துச்சுன்னு இதுல இல்ல சார்."

தலைவர் தாளை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தார். துறைத்தலைவரைப் பார்த்தார். "நல்ல கேள்வி. எவ்வளவு இருந்தது?"

"அன்னைக்குக் கழுவறதுக்காகக் காலி பண்ணியிருந்தாங்க. அதனாலதான் உள்ள இறங்கிப் பாக்க முடிஞ்சுது. இது வழக்கம்தான்."

ஏழுமலையின் நடுக்கம் போய்விட்டது. வேலை பேச ஆரம்பித்தால் எந்த நல்ல பொறியாளனுக்கும் அது போய்விடும். "காலியா இருந்தா விரிசல் மூடிக்கும் சார். உள்ள நகம் கூடப் போகாது. ரொம்பினாதான் தெரியும். காலித் தொட்டியப் பாத்து யாரு எழுதினாலும் திருப்திகரம்னுதான் எழுதுவாங்க. உங்க மேல தப்பு இல்ல சார். தண்ணி எவ்ளோன்னு ஒரு வரி சேத்திருந்தா, அடுத்து படிக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

துறைத்தலைவரின் முகம் சிவந்தது. "இது அலுவலகக் காகிதம். உன் கையில எப்படி வந்துச்சு? திருடினியா?"

"விண்ணப்பம் எழுதிக் குடுத்து வாங்கினேன் சார். என் அறிக்கையிலயே சேத்திருக்கேன். பதினேழாம் பக்கம்."

தலைவர் மேஜையிலிருந்த அறிக்கையைப் புரட்டினார். பதினேழாம் பக்கத்தில் அந்தக் குறிப்பின் நகல் இருந்தது, அதே கையெழுத்தோடு. எதிர்ப் பக்கத்தில், அந்த நாளில் தொட்டி காலியாக இருந்ததா என்று உறுதி செய்ய முடியவில்லை, துறையிடம் கேட்க வேண்டும் என்று ஏழுமலை எழுதியிருந்தான். அதை விரலால் தொட்டுக்கொண்டு, தலைவர் நிமிராமலே கேட்டார். "நீங்க இதைப் படிச்சீங்களா, சார்?"

துறைத்தலைவர் அப்போதுதான் எட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். தன் கையெழுத்து இருக்கும் பக்கத்தைப் பார்த்திருந்தால் எந்த மனிதரும் இந்த வழக்கைக் கொண்டு வந்திருக்க மாட்டார். அவர் எதையும் மறைக்கப் பார்க்கவில்லை, அந்த நியாயத்தை அவருக்குத் தருகிறேன். அவர் அந்தப் பக்கம் வரைக்கும் போகவே இல்லை.

குழு பத்து நிமிடத்தில் முடிவு சொன்னது. குற்றச்சாட்டு தள்ளுபடி, அறிக்கை ஏற்பு. தலைவர் எழுந்து ஏழுமலையிடம், "எனக்கு ஒரு பிரதி வேணும். எங்க சைட் எஞ்சினியர்களுக்குக் காட்டணும், அறிக்கைன்னா இதுதான்னு" என்றார். கதவுக்கு வெளியே நின்ற ஷாஹிதா வராண்டாவில் குதித்த சத்தம் உள்ளே கேட்டது. அதை அடக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கால் வலி மட்டும் இல்லையென்றால் நானும் குதித்திருப்பேன்.

அன்று பகலிலேயே தொட்டியைப் பாதிக்குக் கீழே இறக்கினார்கள். கீழே கயிறு கட்டினார்கள். கிரிக்கெட் எதிர்ப்புற மைதானத்துக்குப் போனது. கோடை விடுமுறையில் விட்டத்தைப் பலப்படுத்தினார்கள். பதிவேடு திறக்கப்படவில்லை என்ற செய்தி விடுதி விடுதியாகப் பரவியது. அடுத்த திங்கட்கிழமை எழுத்து அறை வாசலில் வரிசை. நாற்காலி போதாமல் வரைபட அறையிலிருந்து ஸ்டூல்களைத் தூக்கி வந்தோம். வரிசையில் 'மொட்டை' என்று கத்திய பின் பெஞ்சுக்காரனும் நின்றான். அவனுக்கு எதிரில் உட்கார்ந்தது ஏழுமலை. இரண்டு பேரும் ஒரே துறைதானே, விதி அப்படி இல்லையே என்று நான் ஆட்சேபித்தேன். "ஒரு தடவை மட்டும் மேடம்" என்றான். விட்டுவிட்டேன். உள்ளே இருந்து அரை மணி நேரம் அந்தப் பையன் திணறும் சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

ஜூலையில் ஏழுமலை வேலையில் சேர்ந்தான். இன்று ஒரு பாலத்தின் தளத்தில் அவன் எழுதும் தினசரிக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் கான்கிரீட் ஊற்றுகிறார்கள்.

நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். உங்கள் மாணவன் திடீரென்று நன்றாக எழுதினால், முதலில் சந்தேகப்படாதீர்கள், முதலில் படியுங்கள். படித்த பிறகும் சந்தேகம் இருந்தால் கேள்வி கேளுங்கள், அவனையும் கேட்க விடுங்கள். நெருக்கடியில் உங்களுக்குக் கத்தத் தோன்றும்போது, அந்த அறையில் உங்களைவிட நன்றாகப் பேசக்கூடியவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அது உங்களைவிட இளையவராக இருக்கும். பதிவேட்டை எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இன்னும் ஒரு பாக்கி இருக்கிறது. குழுவின் கடிதத்தில் "விஷயம் முடிக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தது. வகுப்பில் சொன்ன வார்த்தையை யாரும் திரும்பப் பெறவில்லை. அது மட்டும் இல்லை, போன ஆண்டு விழாவில் துறைத்தலைவர் மேடையேறி, எழுத்து அறை எங்கள் துறை பெருமையோடு வளர்த்த முயற்சி என்று பேசினார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கை தட்டவில்லை.

இதை அவர் மேஜையில் நீங்களே கொண்டுபோய் வையுங்கள். சார், இனி உங்களிடம்தான் பேசுகிறேன். அந்த வகுப்பறை அங்கேயேதான் இருக்கிறது. அந்த அறுபது பேரில் பலர் இந்த ஊரில்தான் வேலை பார்க்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். அவர்கள் முன்னால் நின்று, ஏழுமலையின் பெயரைச் சொல்லி, எத்தனை பக்கம் படித்த பிறகு அவனைத் திருடன் என்றீர்கள் என்று சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம். ஓர் எண் போதும்.